பைட்ஸ் ஜாஸ் பட்டறை: ஊர்த் திரையரங்கத்திலிருந்து 1982 தடை வரை

கெண்டைக்குளம்:
கிழக்கு ஜெர்மனி ஜாஸ் என்றதும் எல்லோரும் பெர்லினைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் 1971-லிருந்து நடக்கும் டிரெஸ்டன் டிக்ஸிலேண்ட் விழாவைச் சொல்வார்கள். உண்மையில் கவனிக்க வேண்டிய ஊர் பைட்ஸ். கோட்புஸ் நகரத்துக்குப் பக்கத்தில், நீடர்லாவுசிட்ஸ் பகுதியில் இருக்கிறது. இன்றைக்கும் மக்கள் தொகை நாலாயிரத்துச் சொச்சம்தான். ஊருக்கு இருந்த பெயரெல்லாம் மூன்று விஷயத்துக்கு: கெண்டை மீன் வளர்க்கும் பெரிய குளங்கள், 16-ஆம் நூற்றாண்டுக் கோட்டையில் மிஞ்சிய ஒரு கோபுரம், அதே காலத்துப் பழைய இரும்பு உருக்காலை. வெண்டிஷ் சோர்பியர்கள் என்ற ஸ்லாவிய மொழிச் சிறுபான்மையினர் வாழும் வட்டாரம் என்பதால் பெயர்ப்பலகைகளில் இரண்டு மொழி இருக்கும்.

1973-ல் உல்லி ப்ளோபெல், பீட்டர் மேட்டாக் என்ற இரண்டு இளைஞர்கள் ஊர்த் திரையரங்கத்தில் கச்சேரி வைக்க ஆரம்பித்தார்கள். மேட்டாக்கை எல்லோரும் 'ஜிமி' என்றுதான் கூப்பிடுவார்கள். விழா என்று சொல்லாமல் 'ஜாஸ் பட்டறை' என்றே பெயர் வைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை என்றில்லை, பல தடவை நடந்தது. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் திரையரங்கம் போதாமல் கோடையில் திறந்தவெளிக்கு வந்தார்கள். ஊர் ஜனத்தொகையோடு போட்டி போடும் அளவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம். 1982-ல் அரசு நிறுத்திவிட்டது.

பங்க், ராக் எல்லாம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், முன்கூட்டி அமைத்த மெட்டே இல்லாத ஃப்ரீ ஜாஸுக்கு அங்கே எப்படி இவ்வளவு இடம் கிடைத்தது? அந்த நிர்வாக முறை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அனுமதிமுத்திரை:
கெண்டைக்குளம் சார், சுருக்கமாகச் சொன்னால் அரசு பயந்தது இசைக்கு அல்ல, கூட்டத்துக்கு. காகித வேலையைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

முதலில் 60-க்கு 40 விதி. 1958 ஜனவரியில் வந்தது. ஒரு நிகழ்ச்சியில் வாசிக்கும் பாட்டுகளில் குறைந்தது 60 சதவீதம் உள்நாட்டிலோ மற்ற சோஷலிச நாடுகளிலோ எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். வாசித்தவற்றின் பட்டியல் ஆவா என்ற உரிமத்தொகை நிறுவனத்துக்குப் போக வேண்டும். மேற்கத்திய பாட்டுக்கு ராயல்டி அந்நியச் செலாவணியில் போகும், அரசுக்கு அது பெரிய தலைவலி. நடன இசைக்குழுக்கள் இந்தப் பட்டியலில்தான் சிக்கிக்கொள்வார்கள். பட்டியலில் உள்ளூர்ப் பாட்டை எழுதிவிட்டு மேடையில் வேறு வாசிப்பதும் நடக்கும், சோதனை வந்தால் மாட்டுவதும் நடக்கும்.

ஃப்ரீ ஜாஸ்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. மேடையில் பிறப்பது முழுக்க அவர்களே செய்தது, ஆகவே நூற்றுக்கு நூறு உள்நாட்டுச் சரக்கு. ஒரு பைசா டாலர் வெளியே போகாது.

அடுத்து வரிகள். ராக் குழுக்களின் பாடல் வரிகளைப் படித்துப் பார்த்துத்தான் பதிவுக்கு விடுவார்கள். ட்ராம்போனில் வரி ஏது? தணிக்கை செய்பவர் எதை அடித்துத் திருத்துவார்?

மூன்றாவது, யார் வாசிக்கலாம் என்பது. மேடை ஏற உரிமம் வேண்டும். தொழில்முறை ஆட்கள் இசைக் கல்லூரியில் படித்துச் சான்றிதழ் வாங்குவார்கள். டிரெஸ்டன் இசைக் கல்லூரியில் 1962-ல் 'நடன இசை' என்ற பெயரில் ஒரு துறை தொடங்கினார்கள். ட்ராம்போன் கோனி பவுவர், டிரம்ஸ் குந்தர் சொம்மர் இரண்டு பேரும் அங்கே படித்து வந்தவர்கள்தான். அதாவது நடனத்துக்கே ஒத்துவராத இசையை வாசித்தவர்கள் கையில் அரசு கொடுத்த நடன இசைச் சான்றிதழ் இருந்தது. இதை யாரும் நகைச்சுவையாகத் திட்டமிடவில்லை, அப்படி அமைந்துவிட்டது.

ஆனால் நான்காவது காகிதம் ஒன்று உண்டு: காவல்துறையிடம் நிகழ்ச்சியைப் பதிவு செய்வது. எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணிக்கு முடியும், பொறுப்பாளர் யார். திரையரங்கத்தில் நடக்கும்வரை இது சம்பிரதாயம். நாற்காலி எண்ணிக்கைதான் உச்ச வரம்பு, டிக்கெட் தீர்ந்தால் கதவை மூடிவிடலாம். திறந்தவெளிக்கு வந்த பிறகு அந்த எண்ணுக்குப் பிடிமானம் போய்விட்டது.

மேற்குவழி:
மேற்கிலிருந்து ஆட்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பீட்டர் ப்ரோட்ஸ்மான், பீட்டர் கோவால்ட் எல்லாம் பைட்ஸில் வாசித்திருக்கிறார்கள். இருவரும் வுப்பர்டால்காரர்கள், மேற்கு ஜெர்மனி.

பெர்லின் எல்லையில் வாங்கும் ஒருநாள் விசா கிழக்கு பெர்லினுக்கு மட்டும்தான் செல்லும். பெர்லின் ஜாஸ் கிளப்பில் வந்து கலந்துகொள்ள அது போதும். கோட்புஸ் மாவட்டத்துக்குப் போக அது போதாது, முன்கூட்டியே தனி அனுமதி எடுக்க வேண்டும். இசைக்கருவியோடு வந்தால் சுங்கத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். போகும்போது அதே கருவி, அதே எண் இருக்க வேண்டும்.

கட்டாயப் பணமாற்றம் வேறு. ஒரு நாள் தங்கினால் இத்தனை மேற்கு மார்க் என்று ஒன்றுக்கு ஒன்றாகக் கிழக்கு மார்க்காக மாற்றியே ஆக வேண்டும். 1980 அக்டோபரிலிருந்து அது 25 மார்க். சம்பளம் கிழக்கு மார்க்கில் வந்தால் வெளியே எடுத்துப் போகவும் கூடாது. அங்கேயே செலவழிக்க வேண்டும். சாப்பாடு, புத்தகம், ஸ்வரத்தாள். காசுக்காக யாரும் வந்திருக்க முடியாது என்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம்.

எதிர்த் திசையிலும் ஒரு வழி இருந்தது. மேற்கு பெர்லினில் யோஸ்ட் கேபர்ஸ் நடத்திய எஃப்.எம்.பி. நிறுவனம், எர்ன்ஸ்ட்-லுட்விக் பெட்ரோவ்ஸ்கி குவார்டெட்டின் 1973 பதிவைத் தட்டாக வெளியிட்டது. பைட்ஸ் தொடங்கிய அதே ஆண்டு. கேட்பவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் காட்சி முழுமையாகும்.

இரட்டைமத்தளம்:
இசையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 'சத்தம்' என்று சொல்லித் தாண்டிவிடுகிற பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று எழுதுகிறேன்.

மைய ஆட்கள் நான்கு பேர்: பெட்ரோவ்ஸ்கி (சாக்ஸ், கிளாரினெட்), கோனி பவுவர் (ட்ராம்போன்), உல்ரிஷ் கும்பெர்ட் (பியானோ), குந்தர் 'பேபி' சொம்மர் (டிரம்ஸ்). 1973-ல் சினாப்சிஸ் என்ற பெயரில் சேர்ந்தார்கள், பின்னால் சென்ட்ரல்குவார்டெட் ஆனார்கள். அமெரிக்க ப்ளூஸை நகல் எடுக்காமல் பழைய ஜெர்மன் நாட்டுப்பாடல்கள், அணிவகுப்பு மெட்டுகளை எடுத்து உடைத்து விளையாடியதுதான் இவர்கள் அடையாளம். ஐந்து நிமிஷம் ஒரே இரைச்சல் போலத் தெரியும், திடீரென்று நடுவில் ஒரு கிராமத்துப் பாட்டு முழுசாக வெளியே வரும். அந்த இடத்துக்காகவே காத்திருந்து கேட்கலாம்.

சொம்மரின் வாத்தியக் கூட்டத்தில் சாதாரண டிரம்ஸோடு டிம்பனி, காங், குழாய் மணிகள் எல்லாம் இருக்கும். 'பேபி' என்ற பட்டம் நியூ ஆர்லியன்ஸ் டிரம்மர் பேபி டாட்ஸ் நினைவாக வந்தது.

பவுவர் தனியாக ட்ராம்போன் வாசிக்கும்போது ஒரே ஆள் மூன்று நான்கு ஸ்வரம் கொடுப்பது போலக் கேட்கும். எக்கோ கருவியை விட்டுவிடுங்கள், அது இல்லாமலே வருகிற விஷயம் இது: ஒரு ஸ்வரத்தை ஊதிக்கொண்டே தொண்டையில் இன்னொன்றைப் பாட வேண்டும். கணக்கு இப்படி. ஊதுவது 116.5 ஹெர்ட்ஸ், அதை ச என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடுவது அதற்கு மேல் ப, 174.8 ஹெர்ட்ஸ். இரண்டும் குழாய்க்குள் மோதும்போது கழித்தல் ஸ்வரம் 58.3-ல் கிடைக்கும், அது கீழ் ஸ்தாயி ச. கூட்டல் ஸ்வரம் 291.3, மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம். ஊதியது ஒன்று, பாடியது ஒன்று, காதுக்கு நான்கு.

எங்கே கெடும் என்றால், பாடும் ப ஒரு இழை இறங்கினாலும் காந்தாரம் கலங்கி உறுமலாகிவிடும். தொண்டையை இறுக்கினால் உதடு அதிர்வது நின்று ஊதும் ஸ்வரம் அறுந்துபோகும். பயிற்சியில் முதலில் ஊதும் ஸ்வரத்தையே தொண்டையிலும் பாடி ஒன்றாக்கி, பிறகு மெதுவாகக் குரலை மட்டும் ப வரை ஏற்றுவார்கள். இரைச்சலாகவும் வேண்டுமென்றே பயன்படுத்துவார்கள், அது வேறு.

நாடாச்சுருள்:
அந்தக் காலத்து ஒலிநாடாக்களை இப்போது டிஜிட்டலுக்கு மாற்றுபவர்களுக்காக இது. கிழக்கில் ஓர்வோ நாடாதான் பொதுவாகக் கிடைத்தது.

18 செ.மீ. சுருளில் லாங்-ப்ளே நாடா 540 மீட்டர். நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் ஓட்டினால் ஒரு பக்கம் 47 நிமிஷம். பாதி வேகத்தில் 94 நிமிஷம், ஆனால் சிம்பலின் மேல் அதிர்வெண்கள் மங்கிவிடும். ஃப்ரீ ஜாஸில் ஒரு செட் இடைவெளியே இல்லாமல் 50 நிமிஷத்தைத் தாண்டும். பாட்டு முடிந்தது, கைதட்டல் வந்தது, நாடாவைத் திருப்பலாம் என்ற கணக்கே வேலை செய்யாது. அதனால்தான் இந்த வகைப் பழைய நாடாக்களில் உச்சக்கட்டத்தில் வெட்டு விழுந்திருக்கும். ஒரே கருவியை வைத்திருந்தவருக்கு வேறு வழி கிடையாது.

இன்னொரு தொல்லை, மெல்லிய நாடாவில் ஒரு சுற்றின் காந்தப்பதிவு அடுத்த சுற்றில் அச்சாகிவிடுவது. அமைதியான இடத்தில் டிரம் அடி விழுவதற்கு ஒன்றிரண்டு நொடி முன்பே அதன் நிழல் கேட்கும். கணினியில் சுத்தம் செய்ய உட்காருவதற்கு முன் நாடாவை முழுக்க மூன்று தடவை முன்னும் பின்னும் சுற்றிவிடுங்கள், ஓரளவு குறையும். சுருளின் கடைசி முனை வெளியே இருக்கும்படி வைத்துக் காப்பாற்றினால், நிழல் அடிக்குப் பின்னால் தள்ளிப்போய் முழக்கத்தோடு கலந்துவிடும்.

நாடா அறுந்தால் பயப்பட வேண்டாம். பழைய அசிடேட் நாடா உடைந்தால் சுத்தமாக உடையும், ஒட்டுநாடா போட்டு இணைத்துவிடலாம். பாலியெஸ்டர்தான் இழுபட்டு நீளும், நீண்ட பகுதி போனது போனதுதான். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அசிடேட் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். மற்ற நாடாக்களிலிருந்து பிரித்து வையுங்கள், முதலில் அதை மாற்றுங்கள்.

அனுமதிமுத்திரை:
நாடாச்சுருள் அண்ணே, அருமை. வெட்டு விழுந்த காரணத்துக்கு சிலர் 'தணிக்கை' என்று கதை கட்டுவார்கள்.

மேலே 1982-ல் நிறுத்தினார்கள் என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. பின்னணியையும் பார்க்க வேண்டும். கோடைக்காலத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் நீள முடி, பார்கா கோட்டு, முதுகில் பையோடு லிஃப்ட் கேட்டுத் திரிந்த இளைஞர்கள். எல்லோரும் ஃப்ரீ ஜாஸ் ரசிகர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப் பேர் கூடுவதற்காகவே வந்தார்கள். அரசு இளைஞர் அமைப்பு கூட்டாத கூட்டம், அதுவும் போலந்து எல்லைக்கு அருகில். 1980 அக்டோபர் கடைசியில் போலந்துக்கு விசா இல்லாமல் போகும் வழியை அடைத்தார்கள். 1981 டிசம்பரில் அங்கே ராணுவச் சட்டம் வந்தது. அந்தச் சூழலில் வயல்வெளியில் ஆயிரக்கணக்கில் தூங்கும் இளைஞர்களை மாவட்ட அதிகாரிகள் எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். உளவுத்துறை கண்காணிப்பும் இருந்தது. ப்ளோபெல் 1984-ல் மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார்.

திரையரங்கத்தோடு நின்றிருந்தால் 1989 வரை ஓடியிருக்கும் என்பது என் கணிப்பு.

கெண்டைக்குளம்:
கணிப்பை ஏற்க முடியவில்லை சார். திரையரங்கத்தோடு நின்றிருந்தால் அதைப் பற்றி இன்று யாரும் பேசமாட்டார்கள். 'கெண்டைக்குளத்து உட்ஸ்டாக்' என்ற பட்டம் திறந்தவெளியால் வந்ததுதானே.

இரட்டைமத்தளம்:
அந்தப் பட்டம் எனக்குப் பிடிக்காது. உட்ஸ்டாக் 1969-ல் அமெரிக்காவில் நடந்த ராக் விழா, அங்கே பாடியதையும் இதையும் சேர்த்து வைக்க ஒன்றும் இல்லை.

திறந்தவெளியில் ஒலிக்கு நஷ்டம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். திரையரங்கத்தில் திரைச்சீலை, மெத்தை நாற்காலி எல்லாம் எதிரொலியை உறிஞ்சும். நான்கு பேர் ஒரே நேரத்தில் வாசித்தாலும் யார் எதை வாசிக்கிறார் என்று பிரித்துக் கேட்கலாம். வெளியே பியானோவுக்குத்தான் முதல் அடி. வெயில் நேராகப் பட்டால் கம்பி சூடாகி நீண்டு சில நிமிஷத்தில் சுருதி இறங்கும். ராத்திரி ஈரக்காற்றில் ஒலிப்பலகை உப்பி மெதுவாக ஏறும். காலையில் சேர்த்த சுருதி சாயங்காலம் நிற்காது. மேடையில் நிழலில் இரண்டு மணி நேரமாவது வைத்த பிறகு சுருதி சேர்ப்பது, கச்சேரிக்கு நடுவே ஒரு தடவை சரிபார்ப்பது, இதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

கோட்புஸ்வண்டி:
இப்போது போக நினைப்பவர்களுக்கு: 2011-ல் ப்ளோபெல் திரும்பி வந்து பைட்ஸ் பட்டறையை மறுபடி தொடங்கினார், வரிசை எண்ணைப் பழைய கணக்கிலிருந்தே தொடர்ந்தார்கள். பிறகு பொறுப்பு அவர் மகள் மரீ ப்ளோபெல் கைக்குப் போனது. கட்டடக்கலைஞர் ஸ்டூலர் பெயரால் சொல்லப்படும் 19-ஆம் நூற்றாண்டுத் தேவாலயமும் ஒரு மேடை; உயரமான கட்டடம், அங்கே தனி வாத்தியக் கச்சேரிகளைத் தேர்ந்தெடுங்கள், டிரம்ஸ் இருந்தால் எதிரொலியில் கரைந்துவிடும்.

பெர்லினிலிருந்து கோட்புஸ் சுமார் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ஃப்ராங்க்ஃபுர்ட் போகும் உள்ளூர் வண்டியில் 'பைட்ஸ் ஓஸ்ட்' நிலையத்தில் இறங்க வேண்டும். கவனம், இது ஓடர் ஆற்றங்கரை ஃப்ராங்க்ஃபுர்ட், விமான நிலையம் இருக்கும் பெரிய ஊர் அல்ல. நிலையம் ஊருக்கு வெளியே கிழக்கில் இருக்கிறது, பெட்டி படுக்கையோடு நடப்பது சிரமம். ராத்திரிக் கச்சேரி முடிந்தபின் கோட்புஸுக்கு வண்டி இருக்குமா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் அறைகள் குறைவு, டிக்கெட் எடுக்கும் அன்றைக்கே அறையையும் பிடித்துவிடுங்கள். காதடைப்பான் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும், முன் வரிசையில் சாக்ஸபோனுக்கு நேராக உட்கார்ந்தால் தேவைப்படும்.