கார்பைன் தோட்டாவில் வெடிமருந்தைக் குறைத்தேன், துப்பாக்கி பாதியில் நிற்கிறது: பிரைமரா, பவுடரா?

மரப்பிடி:
வணக்கம். என்னிடம் இருப்பது எம்1 கார்பைன், பழைய அமெரிக்க ராணுவத் துப்பாக்கி. அதற்கான .30 கார்பைன் தோட்டாவை ஆறு மாதமாக நானே ரீலோட் செய்கிறேன் (சுட்ட காலிக் கூட்டில் புது பிரைமர், பவுடர், குண்டு வைப்பது). உதை கொஞ்சம் குறையட்டும் என்று இந்த முறை எச்110 என்ற வெடிமருந்துப் பவுடரை ரீலோடிங் மேனுவலில் போட்டிருக்கும் ஆரம்ப அளவுக்கும் கீழே இறக்கினேன். மருந்தைப் பற்றவைக்கும் ஸ்மால் ரைஃபிள் பிரைமர் தீர்ந்துபோனதால் 50 தோட்டாவில் பாதிக்கு ஸ்மால் பிஸ்டல் பிரைமர். அளவு ஒன்றுதானே, அழகாக உள்ளே போய் உட்கார்ந்தது.

20 சுட்டேன். பாதிக்கு மேல் காலி கேஸ் (தோட்டாவின் உலோகக் கூடு) வெளியே விழாமல், அறையை மூடும் போல்ட்டில் மாட்டிக்கொண்டது. குழலுக்குள் எரியாத மருந்து மணிமணியாகக் கிடக்கிறது. ஒரே ஒரு தோட்டா வெடித்த மாதிரியே இல்லை, ‘புஸ்’ என்றது. பிஸ்டல் பிரைமர் போட்டதில் இரண்டு தோட்டாவில் பிரைமரின் நடுவில் ஊசி குத்தியதுபோல ஓட்டை. எதை மாற்றுவது?

தராசு:
மாற்றுவது இருக்கட்டும். அந்த ‘புஸ்’ஸுக்கு அப்புறம் குழலைப் பார்த்தீர்களா?

மரப்பிடி:
இல்லை அண்ணா. அடுத்ததையும் சுட்டுவிட்டேன்.

தராசு:
தப்பித்தீர்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருந்தால் அடுத்த தோட்டா குழலைப் பிளந்திருக்கும், இல்லையென்றால் உப்பவைத்திருக்கும். மேகசினைக் கழற்றுங்கள், தோட்டா அறை காலி என்று கண்ணால் பாருங்கள். பிறகு இறுக்கமான துணி சுற்றிய கம்பியை மெதுவாகத் தள்ளுங்கள். எங்காவது ஓர் இடத்தில் மட்டும் துணி சட்டென்று தளர்ந்தால் குழல் அங்கே உப்பியிருக்கிறது. அப்படியென்றால் துப்பாக்கி மெக்கானிக் பார்க்காமல் இனி ஒரு தோட்டாகூட வேண்டாம்.

இனி பவுடர். எச்110 மெதுவாக எரியும் உருண்டை மருந்து. கேஸ் நன்றாக நிறைந்து, அழுத்தம் ஏறினால்தான் ஒழுங்காக எரியும். அளவைக் குறைத்தால் அழுத்தம் ஏறுவதற்குள் தீ அணைந்துவிடுகிறது. அதனால்தான் அதைத் தங்கள் அட்டவணை அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று அதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே சொல்கிறது. டபிள்யூ296 என்ற பவுடருக்கு மாறலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டப்பா வேறு, உள்ளே இருப்பது அதே மருந்து.

கேஸ் மாட்டுவதும் இதே வினைதான். இந்தத் துப்பாக்கியில் மருந்து எரிந்த வாயு தள்ளும் பிஸ்டன் நகர்வது சில மில்லிமீட்டர்தான். அந்தச் சின்னத் தட்டில்தான் போல்ட் முழுக்கப் பின்னால் போகவேண்டும். வாயு போதவில்லையென்றால் பாதியிலேயே நிற்கும். 110 கிரைன் (சுமார் 7 கிராம்) குண்டுக்கு அப்படி என்ன பெரிய உதை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை, அது வேறு விஷயம்.

மரப்பிடி:
சரி, பவுடர் என் தப்பு. பிரைமர்?

உலைக்களம்:
அதுவும் உங்கள் தப்புதான், கோபிக்காதீர்கள். ஸ்மால் பிஸ்டல், ஸ்மால் ரைஃபிள் இரண்டும் 4.45 மி.மீ. விட்டம், ஆகவே குழியில் உட்காரும். ஆனால் பிஸ்டல் பிரைமரின் உலோகக் கிண்ணம் மெல்லியது. இந்தத் தோட்டாவின் உச்ச அழுத்தம் 40,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), அதை அது தாங்காமல் போகலாம். நீங்கள் பார்த்த ஓட்டை அதன் அடையாளம். குறைந்த மருந்திலேயே ஓட்டை விழுந்திருக்கிறது, முழு அளவு போட்டிருந்தால்?

இன்னொன்று. இந்தத் துப்பாக்கியில் பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின்னுக்கு ஸ்பிரிங் கிடையாது, சும்மா ஆடிக்கொண்டிருக்கும். போல்ட் முன்னால் வந்து மூடும் வேகத்தில் அது பிரைமரை லேசாகத் தொடும். காலித் துப்பாக்கியைக் குலுக்கினால் சத்தமே கேட்கும். பிரைமர் மெல்லியதாக இருந்தால் விசையைத் தொடாமலே வெடிக்க வாய்ப்பு உண்டு. ரைஃபிள் பிரைமராகவே இருந்தாலும் விளிம்புக்கு மேலே துருத்தாமல் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். விரல் நுனியால் தடவினாலே தெரிந்துவிடும்.

எந்த பிராண்டு என்று கேட்பீர்கள். மேனுவலில் அந்த அளவுக்கு எந்த பிரைமர் போட்டிருக்கிறார்களோ அதுவே. பிரைமர் மாறினால் பழைய அளவு செல்லாது, ஆரம்ப அளவிலிருந்து திரும்ப ஏறிவர வேண்டும்.

மரப்பிடி:
ஒருவர் பழைய ராணுவ பிரைமர் மலிவாகத் தருகிறேன் என்கிறார்.

உலைக்களம்:
துருப்பிடிக்க வைக்கும் வகையாக இருந்தால் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் பொட்டாசியம் குளோரேட் எரிந்து மிஞ்சும் உப்பு ஈரத்தை இழுக்கும். குழலைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம், பிஸ்டன் இருக்கும் இடத்தை எப்படிக் கழுவுவீர்கள்? அதன் நட்டைத் தனிச் சாவி இல்லாமல் கழற்ற முடியாது. இதனால்தான் 1941இல் இந்தத் துப்பாக்கி வந்த நாளிலிருந்தே அமெரிக்க ராணுவம் இதற்குத் துருப்பிடிக்க வைக்காத பிரைமரைப் போட்டது.

கேஸ் நீளத்தையும் அளந்து பாருங்கள். அறைக்குள் இந்தத் தோட்டா கேஸின் வாய் விளிம்பில்தான் நிற்கிறது, கேஸ் நீளத்தின் உச்சம் 32.77 மி.மீ. நீளம் கூடினால் போல்ட் முழுசாக மூடாது.

மரப்பிடி:
குழல் நன்றாக இருக்கிறது, துணி எங்கும் தளரவில்லை. மீதி 30 தோட்டாவையும் பிரித்துவிட்டேன். கொட்டிய மருந்தைப் பழைய டப்பாவில் சேர்க்கவில்லை. மூன்று கேஸ் 32.9க்கு மேல் இருந்தன, டிரிம் செய்ய ஒதுக்கியிருக்கிறேன். ரைஃபிள் பிரைமர் கிடைக்கும்வரை துப்பாக்கி பெட்டியிலேயே கிடக்கட்டும்.