டீ குடித்தால் மூளையில் இரும்பு சேராதா?

குன்னூர் சிஸ்டர்: "பச்சைத்தேயிலை" நேற்று இங்கே எழுதியதைப் பார்த்து எரிச்சல் தாங்கவில்லை. கல்லட்டி மலைப்பாதை வளைவில் பைக்கோடு விழுந்து மூளையில் ரத்தம் கசிந்தால், அதன்பின் கேடு செய்வது இரும்பாம். நம்ம ஊர் டீயில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதைப் பிடித்துவிடுமாம். அதனால் சாப்பிட்டதும் ஸ்ட்ராங்காக ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தலாமாம். முதல் வரி சரி. மீதியை நம்பி ஒரு கர்ப்பிணி மாத்திரையைத் தூக்கிப் போட்டால் யார் பொறுப்பு?

பச்சைத்தேயிலை (கோத்தகிரி): ஒரே கேள்வி. டானின் இரும்பைப் பிடிக்குமா, பிடிக்காதா?

குன்னூர் சிஸ்டர்: பிடிக்கும், குடலில். கீரை, பருப்பில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாது. மூளையில் நிற்கும் இரும்பு சோற்றிலிருந்து வந்ததில்லை. கசிந்த ரத்தத்தின் சிவப்பணுக்கள் அடுத்தடுத்த நாட்களில் உடைந்து, ஹீமோகுளோபின் சிதைந்து, அதிலிருந்து வருவது. அந்த இரும்பு, செல்லிலேயே உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் எவ்வளவு மூர்க்கமாக ஆக்சிஜனேற்றம் நடக்கும் என்பதை ஃபென்டன் என்ற வேதியியலாளர் 1894-லேயே எழுதிவிட்டார். உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. போதாததற்கு அங்கே செல் சவ்வெல்லாம் எளிதில் கெடும் கொழுப்பு. இரும்பால் கொழுப்பு கெட்டுச் செல் சாவதற்கு 2012-ல் ஃபெரோப்டோசிஸ் என்று பெயரே வைத்தார்கள்.

பச்சைத்தேயிலை: "பிடிக்கும்" என்று சிஸ்டரே எழுதிவிட்டார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குன்னூர் சிஸ்டர்: "குடலில்" என்பதும் பக்கத்திலேயே இருக்கிறது. அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பூம்பாறை பூண்டு: டீயை விடுங்கள். எங்கள் கொடைக்கானல் மலைப்பூண்டைப் பாலில் வேகவைத்துச் சாப்பிடுங்கள், நரம்பு தானாகத் தேறும். புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு.

பச்சைத்தேயிலை: நீலகிரி டீ உங்களுக்கு முன்பே வாங்கியாச்சு. வரிசையில் நில்லுங்கள்.

கூடலூர் வாத்தியார்: எங்கள் பக்கம் பழங்குடிப் பிள்ளைகள் சிலருக்கு அரிவாள் செல் ரத்தசோகை உண்டு. அடிக்கடி ரத்தம் ஏற்றினால் இரும்பு கூடிப்போகும், அதை வெளியேற்ற மருந்து கொடுப்பார்கள். அதையே மூளைக் கசிவுக்குக் கொடுத்தால் என்ன?

குன்னூர் சிஸ்டர்: கொடுத்துப் பார்த்துவிட்டார்கள், சார். டெஃபெராக்சமின் என்ற அந்த இரும்பு நீக்கும் மருந்து, மூன்று நாள் ரத்த நாளம் வழியாக. 2019-ல் முடிவு வந்தது. 90-ஆம் நாளில் எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. மூளையில் இரும்பு சேரும் இன்னொரு நோயான, கைகால் நடுங்கும் பார்க்கின்சன் நோயில் இன்னும் மோசம். 372 பேர், 36 வாரம், டெஃபெரிப்ரோன் என்ற இரும்பு நீக்கும் மாத்திரை, 2022-ல் முடிவு. மூளையில் இரும்பு நிஜமாகவே குறைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தில்லாத வெறும் மாத்திரையை விழுங்கியவர்களைவிட இவர்கள் நிலைமைதான் கெட்டது. அந்த நோயில் குறைந்துபோகும் டோபமின் தயாராகவே இரும்பு வேண்டும், நரம்பின் மயலின் உறைக்கும் வேண்டும். மூளைக்குள் போய் இரும்பைப் பிடித்த மருந்தின் கதையே இப்படி.

பச்சைத்தேயிலை: அது கம்பெனி மாத்திரை. டீ இயற்கை. பிடிக்கும் என்றால் பிடிக்கும்தான். எங்கள் தாத்தா கடைசி வரை தெளிவாகப் பேசினார், டீ குடித்துத்தான்.

குன்னூர் சிஸ்டர்: உங்கள் தாத்தா தோட்டத்துக்காரர். அந்தத் தோட்டத்தில் இலை பறித்த பெண்களின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எப்போதாவது கேட்டீர்களா? படியேறினால் மூச்சு வாங்க, நகம் வெளுத்து எங்களிடம் வருகிறவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் போய் மாத்திரையை நிறுத்து என்கிறீர்கள்.

பச்சைத்தேயிலை: ஓஹோ, தோட்டக்காரன் மேல் பாய்ச்சலா? பசுந்தேயிலைக்கு விலை கேட்டு நாங்கள் உட்கார்ந்தபோது இங்கே நக்கல் அடித்தது நீங்கள்தானே? மறக்கவில்லை.

குன்னூர் சிஸ்டர்: மறக்க வேண்டாம். அன்றைக்கும் நீங்கள் கணக்கில் பாதியை விட்டுவிட்டுத்தான் எழுதினீர்கள்.

பூம்பாறை பூண்டு: பூண்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கூடலூர் வாத்தியார்: பள்ளியில் வாரம் ஒரு நீல இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். பிள்ளைகள் அதன்மேலேயே டீ குடிக்கிறார்கள். தடுக்கலாமா?

குன்னூர் சிஸ்டர்: தடுங்கள். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும்.

பச்சைத்தேயிலை: நீலகிரியில் பிள்ளைகளுக்கு டீயைத் தடுப்பதா? கலெக்டரிடம் மனு கொடுப்பேன்.

குன்னூர் சிஸ்டர்: திங்கட்கிழமை மனுநாள்தான், போய்க் கொடுங்கள். குடலும் மூளையும் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு படம் வரைந்து, பாகம் குறித்து இணைத்துவிடுங்கள்.