புதுப்பிப்பு: மரக்கட்டை உராய்வுச் சோதனையில் முள் ஏன் இறங்குகிறது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்காகப் போட்ட இணைய இழையில் வந்த கேள்வி இது: பலகைமேல் வைத்த 500 கிராம் கட்டையை ஸ்பிரிங் தராசால் இழுத்தால் முள் ஏறிவிட்டுச் சற்று இறங்குவது ஏன்?

முள் தொடும் உச்சம், நிலை உராய்வின் (கட்டையை நகரவிடாமல் தடுக்கும் விசையின்) எல்லை. சீராக நகரும்போது காட்டுவது இயக்க உராய்வு, அது குறைவு. எடை 4.9 நியூட்டன், உச்சம் 2 நியூட்டன் என்றால், உச்சத்தை எடையால் வகுத்துக் கிடைக்கும் நிலை உராய்வுக் கெழு 0.41.

ஒவ்வொரு தடவையும் வேறு அளவு வந்தால் பெரும்பாலும் கைதான் காரணம். கயிறு 30 பாகை மேலே சாய, 2 நியூட்டனில் இழுத்தால் பலகை தாங்கும் விசை 1 நியூட்டன் குறையும், உராய்வும் குறையும். கயிற்றைப் பலகைக்கு இணையாகப் பிடியுங்கள். பூஜ்ஜியத்தைத் தராசைப் படுக்கவைத்தே சரிபாருங்கள். தொங்கவிட்டால் கொக்கியின் எடையும் நுழைந்துவிடும்.

தராசே சரியில்லையா? பலகையைச் சாய்த்து, கட்டை வழுக்கத் தொடங்கும்போது பலகையின் மேல்முனை இருக்கும் உயரத்தை அதன் கிடைத்தூரத்தால் வகுங்கள், அதே கெழுதான். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் நமத்த பலகையின் அளவை வெயில்நாள் அளவோடு கலக்க வேண்டாம்.