ரோல்பிளேயிங்: ஆடுகிறோமா, நடிக்கிறோமா? உங்கள் மேசையில் நடந்ததைச் சொல்லுங்கள்

குகைவிளக்கு

சென்னையில் நண்பர்களுக்கு டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) நடத்துகிறேன், ஐந்தாம் பதிப்பு. ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை ஆட்டம்; பாத்திரத்தை ஏற்று ஆடுவதைத்தான் ரோல்பிளே என்கிறோம். ஒரே ஒரு உருட்டலை வைத்து எங்கள் மேசையில் பெரிய வாக்குவாதம் வந்தது. ஆட்டம் முடிந்து டீக்கடை வரைக்கும் அது ஓயவில்லை. உங்கள் மேசையிலும் இது ஏதோ ஒரு நாள் வந்திருக்கும் என்ற நம்பிக்கையில் இந்த இழை.

கோட்டை வாசல், நடு இரவு. காவலனைச் சம்மதிக்க வைத்தால்தான் கதவு திறக்கும். பாலடின், அதாவது புனித வீரர் பாத்திரத்தை ஆடுபவர் அதிகம் பேசாதவர். பாத்திரத்தின் திறன்களை எழுதிய கேரக்டர் ஷீட்டில் கரிஸ்மா (ஆளைக் கவரும் திறன்) 18. அவர் சொன்னது இவ்வளவுதான்: "முன்னாடி ஒரு தடவை கோப்லின்கள்கிட்ட இருந்து இவனோட தம்பியைத்தானே மீட்டோம்? என் பாலடின் அதை ஞாபகப்படுத்தறாங்க. விடியறதுக்குள்ள போயிடுவோம்னு வாக்கு கொடுக்கறாங்க. பர்சுவேஷன் உருட்டட்டுமா?" பேசிச் சம்மதிக்க வைக்கும் திறனுக்கான பகடை உருட்டல் அது.

பக்கத்தில் இருந்தவர் குறுக்கிட்டார். "இப்படி இல்ல. நீங்க பாலடினாவே பேசணும். காவலன் எதிர்ல நிக்கறான்னு நினைச்சுப் பேசுங்க." பாலடின் ஆடியவர் முகம் இறுகிப்போனது. நான் அட்வான்டேஜ் கொடுத்து, இரண்டு பகடையை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கதவு திறந்தது. "நடிக்காம கதவைத் திறந்துட்டாங்க, இது வெறும் கணக்கு" என்று அந்த நண்பருக்கு மனத்தாங்கல்.

என் கட்சி இது. அந்தக் காவலனுக்குத் தம்பி இருந்ததை நானே மறந்திருந்தேன். மூன்று செஷனுக்கு முன் நடந்ததை மனதில் வைத்திருந்து, சரியான இடத்தில் எடுத்து வைத்தவர் அவர். அந்த முடிவுதான் ஆட்டம். அதைக் கணீரென்ற குரலில் சொன்னாரா, "என் பாலடின் சொல்றாங்க" என்று படர்க்கையில் சொன்னாரா என்பது அடுத்த விஷயம். 2014இல் வந்த ஆட்டக்காரர் கையேடும் இரண்டு வழியையும் சொல்கிறது: பாத்திரம் செய்வதை விவரிக்கலாம், பாத்திரமாகவே பேசலாம். இரண்டுமே ரோல்பிளேதான். இரும்புக் கதவைத் தூக்கும் ஃபைட்டரை ஆடுபவரிடம் "எங்கே, அந்த மேசையைத் தூக்கிக் காட்டு" என்று யாரும் கேட்பதில்லையே. பேச்சுத் திறமையை மட்டும் ஏன் ஆடுபவரின் சொந்த உடம்பிலிருந்து கேட்கிறோம்?

தீர்ப்பு வேண்டாம், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

பத்தடிக்கோல்

நான் பழைய முறை ஆட்டக்காரன். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: விளையாட்டு. இதன் வேர் போர் விளையாட்டில் இருக்கிறது. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் வெளியிட்ட செயின்மெயில் பொம்மைப் படைகளை மேசையில் மோதவிடும் விதிநூல். கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து 1974இல் டி அண்ட் டியைக் கொண்டுவந்தார்கள். அதற்கடுத்த வருடமே பால்டிமோரில் நடந்த ஆரிஜின்ஸ் மாநாட்டில் 'டாம்ப் ஆஃப் ஹாரர்ஸ்' கல்லறையைப் போட்டியாக நடத்தினார் கைகாக்ஸ். யார் எவ்வளவு தூரம் உயிரோடு போனார்கள் என்பதுதான் பேச்சு. யார் அழகாக வசனம் பேசினார்கள் என்பது இல்லை.

அந்தக் கல்லறையை எங்கள் மேசையில் ஆடினோம். நடைபாதை முடிவில் சுவரில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய பேய் முகம். வாய் திறந்திருக்கிறது, உள்ளே கும்மிருட்டு. குள்ளர் வீரனை ஆடியவர் பிரமாதமான குரல்காரர், மூன்று பக்கத்துக்கு முன்கதை எழுதி வந்தவர். தன் மூதாதையர் பெயரையெல்லாம் சொல்லி அந்த வாயை நோக்கிச் சபதம் எடுத்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே போகப் போகிறேன் என்றார்.

அதுவரை வாயே திறக்காத ஒருவர், திருடன் ஆடுபவர், கையைத் தூக்கினார். "அவர் போறதுக்கு முன்னாடி, என் கோலை வாய்க்குள்ள விட்டு வெளியே எடுக்கறேன். எவ்வளவு நீளம் திரும்பி வருது?"

ஆட்டத்தை நடத்தும் டிஎம் சொன்னார்: "பாதி."

எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வாய்க்குள் போகும் எதுவும் திரும்பாது. ஒரு பகடைகூட உருளவில்லை, யாரும் குரலை மாற்றவில்லை. ஒரு கேள்வி எங்கள் உயிரைக் காப்பாற்றியது. இத்தனை வருடத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த ரோல்பிளே அதுதான் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். ஒரு திருடன் அந்த இடத்தில் எப்படி யோசிப்பானோ அப்படி யோசித்தார்.

மேடைக்காரி

பத்தடிக்கோல் சார், வரலாற்றில் ஒரு துண்டை விட்டுவிட்டீர்கள். ஆர்னசன் அந்த வழிக்கு வந்ததே டேவிட் வெஸ்லி நடத்திய ஆட்டத்தால். 1960களின் கடைசியில் மினசோட்டாவில் வெஸ்லி ஒரு நெப்போலியன் காலப் போர் ஆட்டத்தை ஏற்பாடு செய்தார். ஊரின் பெயர் பிரவுன்ஸ்டைன். ஆளுக்கொரு படை கொடுப்பதோடு நிற்காமல் மேயர், மாணவன் என்று ஊர்க்காரர்களாகவும் ஆக்கிவிட்டார். படைகள் மோதும் முன்பே ஆட்டக்காரர்கள் மூலைக்கு மூலை ஒதுங்கிச் சதி பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டம் கையைவிட்டுப் போயிற்று என்று வெஸ்லி நொந்துபோனார். வந்தவர்களோ இன்னொரு தடவை வை என்று கேட்டார்கள். ஆக, வேடம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட அலங்காரம் இல்லை. டி அண்ட் டிக்கு முன்பே இருந்தது.

நான் நவீன நாடகம் செய்பவள். எனக்கு நடந்தது 'கால் ஆஃப் கத்துலு'வில். 1981இல் கேயோசியம் வெளியிட்ட திகில் ஆட்டம். அதில் உயிருக்குப் புள்ளி இருப்பது போல மனத்தெளிவுக்கும் புள்ளி உண்டு. பார்க்கக் கூடாததைப் பார்த்தால் குறையும். ஒரே அடியில் ஐந்தோ அதற்கு மேலோ போனால் அறிவுக்கு ஓர் உருட்டல். இங்கேதான் இந்த விதியின் மேதமை: அந்த உருட்டலில் ஜெயித்தால்தான் பித்துப் பிடிக்கும். தோற்றால், பார்த்தது என்னவென்றே புரியவில்லை, தப்பித்தீர்கள்.

நான் ஆடியது ஒரு நூலகர். நிலவறையில் ஒன்றைப் பார்த்தாள், ஆறு புள்ளி போயிற்று. உருட்டினேன், ஜெயித்தேன். ஜெயித்ததற்காக வயிறு கலங்கியது எனக்கு அன்றுதான்.

யோசிக்க நேரமில்லை. நூலகர் மேலே வந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தாழிட ஆரம்பித்தாள். நான் கத்தவில்லை. தினமும் நூலகத்தைப் பூட்டுகிற அதே குரலில், "எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டு உட்காருங்க, அது கீழேயே இருக்கட்டும், நாம இங்கேயே இருந்துடலாம்" என்றேன். வெளியே போக ஒரே கதவு, சாவி என்னிடம். எதிரில் இருந்த நண்பர் மருத்துவர் ஆடினார். என்னைக் கட்டிப்போட்டு இழுத்துப் போவதா, சாவியைப் பிடுங்கிக்கொண்டு விட்டுவிட்டுப் போவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். நெடுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பிடுங்கினார்.

மேடையில் அடுத்த வரி எனக்கும் தெரியும், எதிரில் நிற்பவருக்கும் தெரியும். தெரியாதது போலச் செய்வதுதான் அங்கே பயிற்சி. இங்கே எனக்கே தெரியவில்லை. நான் செய்தது நடிப்புதான், மறுக்கமாட்டேன். ஆனால் அதைப் பார்த்தவர் கைதட்டிவிட்டு எழுந்து போக முடியாது, பதில் செய்தாக வேண்டும். பார்ப்பவரும் ஆடுபவரும் ஒரே ஆள்களாக இருக்கும் நடிப்பு இது. நாடகத்தில் எனக்கு இது கிடைப்பதில்லை.

பத்தடிக்கோல்

பிரவுன்ஸ்டைனை ஒப்புக்கொள்கிறேன் அம்மா. ஆனால் அந்த மேயரும் மாணவனும் மூலையில் கிசுகிசுத்தது ஊரைப் பிடிப்பதற்காக. ஜெயிக்கத்தான் வேடம் கட்டினார்கள். உங்கள் ஜன்னல் சம்பவத்துக்கு என்னிடம் பதில் இல்லை, அருமை.

ஸ்காபரோ வெள்ளி

நான் ரொறொன்ரோவில இருக்கிறன். எங்கட மேசையில எல்லாரும் வேலைக்குப் போற ஆக்கள், வெள்ளி இரவிலதான் கூடுறது. டிஎம் அண்ணா ஷிஃப்ட் முடிச்சு நேராய் வருவார்.

ஒரு தம்பி புதுசாய்ச் சேர்ந்தவர். கிரிட்டிக்கல் றோல் பார்த்து இந்த ஆட்டத்தில விருப்பம் வந்தவர். டி அண்ட் டி ஆடுறதைக் காட்டுற, 2015இல இணையத்தில தொடங்கின நிகழ்ச்சி அது. ஆடுற ஆக்கள் எல்லாரும் குரல் நடிப்பைத் தொழிலாய்ச் செய்யிறவை. 2019இல கார்ட்டூன் எடுக்கக் காசு கேட்டு, பதினொரு மில்லியன் டொலருக்கு மேல சேர்ந்தது. 2023இல லண்டன் வெம்பிளி அரங்கிலயே ஆடினவை. அதில எனக்கு ஒரு குறையும் இல்லை, நானும் ரசிச்சுப் பார்க்கிறனான். ஆனால் தம்பி அதை எங்கட மேசையில எதிர்பார்த்தார். கடைக்காரனுக்கு ஒரு குரல், கடைக்காரன்ர மனிசிக்கு வேற குரல் எண்டு டிஎம் அண்ணாவிட்டக் கேட்பார். களைச்சுப்போய் வந்த மனிசன் என்ன செய்யிறது.

ஒருநாள் போனை நடுவில வைச்சு ரெக்கோர்ட் பண்ணுவம் எண்டார். நாங்களும் ஓமெண்டம். அந்த இரவு என்ன நடந்தது எண்டதை நான் வடிவாய்க் கவனிச்சனான். "பொறு, யோசிக்கிறன்" எண்டு சொல்ல ஒருத்தரும் விரும்பேல்லை. "அந்தப் பாலம் எத்தனை அடி?" எண்டு கேட்கிற ஆள் கேட்கேல்லை. ஓகர் எண்ட ராட்சதக் கூட்டம் வந்தது. மற்ற நாளெண்டால் பின்வாங்கி, வாசலை அடைச்சு, எண்ணெய் ஊத்திக் கொளுத்தியிருப்பம். அண்டைக்குப் பின்வாங்கிறது பார்க்கிறவனுக்குச் சப்பெண்டு இருக்குமே எண்டு எல்லாற்றை மனசிலயும் ஒண்டு ஓடியிருக்கு. வாளை உருவிக்கொண்டு ஓடினம். ரெண்டு பேர் செத்தவை. பிறகு கேட்டால், ஆளாளுக்கு அதையேதான் சொல்லினம்: போனுக்காக ஓடினது.

என்னைப் பொறுத்தவரை கோடு அங்கைதான் கிடக்கு. குரல் மாத்திறதில ஒரு பிழையும் இல்லை. மேசையில இல்லாத ஒருத்தருக்காக முடிவெடுக்கத் தொடங்கினால் ஆட்டம் போச்சு.

தம்பியை நாங்கள் விடேல்லை. டிஎம் அண்ணா ஒரு வேலை செய்தார். ஊருக்குள்ள வாற ஆக்களைத் தம்பியிட்டக் குடுத்திட்டார். கடைக்காரன், பூசாரி, பிச்சைக்காரன், எல்லாம் தம்பிதான். இப்ப எங்களுக்குப் பூசாரி பொய் சொல்லுறாரோ எண்டு தம்பின்ர முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிக் கிடக்கு. சரியான கஷ்டம், நல்ல சந்தோஷம்.

எழுத்துமேசை

எனக்குத் திக்குவாய். நேரில் ஆடிய ஒரே குழுவில் "பாத்திரமாகப் பேசு" என்று காத்திருந்த முகங்களை இன்னும் மறக்கவில்லை. இப்போது டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் எழுத்திலேயே ஆடும் குழுவில் இருக்கிறேன். என் சூனியக்காரி நீளமாக, மிடுக்காக, யாரையும் மதிக்காமல் பேசுவாள். குழுவிலேயே அதிகம் நடிப்பவள் நான்தான் என்கிறார்கள். எழுதியதை அனுப்பும் முன் எத்தனை தடவை வேண்டுமானாலும் அழித்துத் திருத்தலாம். பகடை உருட்டும் பாட் (தானியங்கி நிரல்) போட்ட எண்ணை மட்டும் அழிக்க முடியாது. எனக்கு இரண்டுமே வேண்டியிருக்கிறது. குகைவிளக்கு அண்ணா, உங்கள் பாலடின் தோழிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

குகைவிளக்கு

சொல்லிவிட்டேன், இந்த இழையையே காட்டிவிட்டேன்.

ஸ்காபரோ தம்பி, உங்கள் போன் சம்பவம் என்னை நிறைய யோசிக்க வைத்தது. இப்போது என் மேசையில் பேச்சு வரும் இடங்களில் இரண்டு கேள்விதான் கேட்கிறேன்: அவனிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்? அதற்காக எதை முன்வைக்கிறீர்கள்? பயமுறுத்தலா, வாக்கா, பழைய நன்றியா? கடினம், அதாவது உருட்டல் எட்ட வேண்டிய எண், 15ஆ 20ஆ என்பது அந்தப் பதிலை வைத்து மட்டும். குரலில் சொல்ல விரும்புபவர் சொல்லலாம், எண் அதனால் மாறாது. ஐந்தாம் பதிப்பில் இன்ஸ்பிரேஷன் என்று ஒன்று உண்டே, பாத்திரத்தின் குணத்துக்கு உண்மையாக ஆடினால் டிஎம் கொடுப்பது, அதையும் நல்ல வசனத்துக்குக் கொடுப்பதில்லை. குணத்தைக் காப்பாற்றப் போய் ஏதாவது இழந்தால் கொடுக்கிறேன். என்னிடம் வாதாடிய நண்பர்தான் இப்போது அதை அதிகம் வாங்குகிறார்.

கிண்ணத்துப்பகடை

முதல் பதிவு. டிஎம்மே இல்லாத ஆட்டங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். ஜேசன் மார்னிங்ஸ்டாரின் 'ஃபியாஸ்கோ', 2009இல் வந்தது. பேராசை பிடித்தவர்கள் ஒரு திட்டம் போட்டுச் சீரழியும் கதை. உங்கள் முறை வரும்போது காட்சியை நீங்கள் தொடங்கி வைக்கலாம், அப்போது முடிவு நல்லதா கெட்டதா என்பதை மற்றவர்கள் தீர்மானிப்பார்கள். அல்லது தொடக்கத்தை அவர்களிடம் விட்டுவிட்டு முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். நல்லதுக்கு வெள்ளைப் பகடை, கெட்டதுக்குக் கறுப்பு. முழுக்க நாடகம் போலத் தெரியும். ஆனால் கடைசியில் ஒரு கணக்கு இருக்கிறது: கையில் சேர்ந்த பகடைகளை உருட்டி, வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்க வேண்டும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் பிழைத்தீர்கள். பூஜ்யத்தை நெருங்கினால் நாசம். ஆக ஒரே நிறமாகச் சேர்ப்பவர்தான் தப்பிப்பார்.

இரண்டாம் பாதியில் என் தோழி கையில் எல்லாம் வெள்ளை. அவள் முறை, காட்சியைத் தொடங்கினாள். திருடிய பணம் அக்காவின் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம் என்று அவள் பாத்திரத்துக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. அக்காவிடம் ஒப்புக்கொள்ளப் போகிறாள். கிண்ணத்தில் இரண்டு நிறமும் மிச்சம் இருந்தன. காட்சி போகப் போக, இதற்குக் கறுப்பைத் தவிர வேறெதையும் கொடுக்க முடியாது என்று எங்களுக்குத் தெரிந்துபோனது. அவளுக்கும் தெரிந்தது. கொஞ்சம் தணித்திருந்தால், அக்கா காலில் விழுந்து அழுதிருந்தால், வெள்ளை கொடுக்க எங்களுக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கும். அவள் தணிக்கவில்லை. "நீ எப்படியும் பிழைக்கமாட்டேன்னு நினைச்சுத்தான் எடுத்தேன்" என்று அக்காவிடம் சொன்னாள். கறுப்பை எடுத்துக் கொடுத்தது நான்.

கடைசி உருட்டலில் அந்த ஒரு கறுப்பு அவள் வெள்ளையை எல்லாம் தின்றுவிட்டது. வித்தியாசம் ஒன்று.

தோற்கப்போகிறோம் என்று கணக்குத் தெரிந்தே அந்த வரியைச் சொன்னாளே, அதை ஆட்டம் என்பீர்களா, நடிப்பு என்பீர்களா?

பத்தடிக்கோல்

ஆட்டம்தான். தன் கையில் இருப்பதன் விலை தெரிந்து செலவழித்திருக்கிறார். எங்கள் கல்லறையில் இன்னும் இரண்டு அறை மிச்சம் இருக்கிறது, அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

மேடைக்காரி

நடிப்பு என்பேன், சார். சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம், எனக்கும் ஒரு நாற்காலி.