எம்கேஎஃப்எஸ்: 1000 ஐநோட் கேட்டால் 1280 தருகிறது (அவசரம்)

நீலத்திரை:
லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை வட்டில் உருவாக்கும் எம்கேஎஃப்எஸ் கட்டளையின் தேர்வுகளுக்குத் தமிழில் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இட ஒதுக்கீட்டுப் பகுதியில் மாட்டிக்கொண்டேன். எத்தனை ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் அடைவுக்கும் உரிய விவரப் பதிவு) வேண்டும் என்று கேட்கும் தேர்வு -என். -என் 1000 என்று கொடுத்தால் 1280 ஐநோட் வருகிறது. நேற்று இதே கட்டளைக்கு 1024 வந்தது. இன்று இரவே பக்கத்தை முடித்தாக வேண்டும். என்னவென்று எழுதுவது?

கட்டளைவரி:
வட்டின் அளவு என்ன? பிளாக் (வட்டு இடத்தைப் பிரிக்கும் அலகு) அளவு? நேற்றும் இன்றும் ஒரே வட்டுதானா? பெரிய எழுத்து என்னா, சின்னதா? சின்னது என்றால் வட்டில் எதையும் எழுதாது, என்ன செய்யும் என்று காட்டிவிட்டு நின்றுவிடும்.

நீலத்திரை:
பெரிய எழுத்துதான். வேறு எந்தத் தேர்வும் கொடுக்கவில்லை.

இரட்டைப்படி:
இதிலென்ன குழப்பம்? இரண்டின் அடுக்குக்கு ஏற்றிவிடுகிறது. 1000 போய் 1024.

கட்டளைவரி:
1280 இரண்டின் எத்தனையாவது அடுக்கு?

இரட்டைப்படி:
1024உம் 256உம் சேர்ந்தால் 1280. ஒரு ஐநோட்டின் அளவும் 256 பைட். தற்செயலா?

கட்டளைவரி:
ஆமாம், தற்செயல்தான்.

மூத்தபென்குவின்:
கையேடு எழுதக் கிளம்புகிறவர் இருக்கும் கையேட்டை ஒருமுறை படித்திருக்கலாம். ரூட்டுக்கென்று, அதாவது நிர்வாகிக்கென்று, 5 சதவீத இடம் ஒதுக்குவது இயல்பு. அதுதான் கணக்கில் இடிக்கிறது. அந்த ஒதுக்கீட்டை நீக்க -எம் 0 கொடுங்கள். இதையெல்லாம் எத்தனை முறைதான் சொல்வது.

நீலத்திரை:
-எம் 0 கொடுத்தேன் ஐயா. அதே 1280.

அடிவட்டு:
அந்த 5 சதவீதம் பிளாக்குகளுக்கு. ஐநோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீலத்திரை, உங்கள் இன்றைய வட்டு 10 ஜிபியா? என் ஊகம் இதுதான். 4096 பைட் பிளாக்கில் 32768 பிளாக் சேர்ந்தால் ஒரு குழு, அதாவது 128 எம்பி. 10 ஜிபிக்கு 80 குழு. 1000ஐ 80ஆல் வகுத்தால் 12.5, மேலே ஏற்றினால் குழுவுக்கு 13. ஆனால் ஒரு பிளாக்கில் 256 பைட் ஐநோட் 16 அடங்கும். பதின்மூன்றோடு நிறுத்தினால் மிச்ச இடம் வீண், அதனால் பதினாறாகவே போட்டுவிடுகிறது. 16 பெருக்கல் 80, 1280. நேற்றையது 1 ஜிபி என்றால் 8 குழு, குழுவுக்கு 125, அது 128 ஆகி மொத்தம் 1024. இரட்டைப்படி சொன்ன அடுக்கு அங்கே வந்தது இப்படித்தான்.

-என்னுக்கான விளக்கத்திலும் 'விரும்பும் எண்ணிக்கை' என்றுதான் இருக்கிறது. அப்படியே கிடைக்கும் என்று எங்கும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு எச்சரிக்கையும் சேருங்கள். எதுவும் கொடுக்காவிட்டால் 16384 பைட்டுக்கு ஒரு ஐநோட், 10 ஜிபியில் 655360. அந்த ஐநோட்டுகளின் அட்டவணைக்கே 160 எம்பி போகும். அதை மிச்சம் பிடிக்கிறேன் என்று 1280க்கு இறக்கினால், 11 ஐநோட் கோப்பு முறைமையின் சொந்தத் தேவைக்குத் தொடக்கத்திலேயே போய்விடும். மீதி 1269 கோப்போ அடைவோ உருவானதும், வட்டு காலியாகக் கிடந்தாலும் 'இடமில்லை' என்று பிழை வரும். பிறகு எண்ணிக்கையை மட்டும் கூட்ட வழியில்லை, வட்டையே பெரிதாக்க வேண்டும் அல்லது மறுபடி வடிவமைக்க வேண்டும்.

எளியவழி:
எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு கோப்பு முறைமைக்கு மாறுங்கள். அது தேவைப்படும்போது ஐநோட்டை உருவாக்கிக்கொள்ளும்.

கட்டளைவரி:
அவர் எழுதுவது ஈஎக்ஸ்டி4 கையேடு.

சொல்லாய்வு:
எல்லாரும் 'ஐநோட்' என்றே எழுதுகிறீர்களே. தமிழ்க் கையேடு என்றால் 'சுட்டுமுனை' என்று வர வேண்டாமா?

மூத்தபென்குவின்:
பிழைச் செய்தியில் 'சுட்டுமுனை' என்றா வரும்? படிக்கிறவன் எதைத் தேடுவான்?

சொல்லாய்வு:
'கோப்பு' என்ற சொல்லையும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்டார்கள். அது நிலைக்கவில்லையா?

எளியவழி:
'முனை' என்றால் டெர்மினல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சொல்லாய்வு:
டெர்மினலுக்கு 'முனையம்'. 'முனை' வேறு, 'முனையம்' வேறு.

இரட்டைப்படி:
16உம் 128உம் இரண்டின் அடுக்குதானே? அப்போது நான் சொன்னதும் பாதி சரி.

நீலத்திரை:
ஆமாம், 10 ஜிபியும் 1 ஜிபியும்தான். சொல்ல மறந்துவிட்டேன். 2 ஜிபி வட்டு இமேஜிலும் போட்டுப் பார்த்தேன், 16 குழு, 1024 வந்தது, கணக்கு ஒத்துப்போகிறது. 'கேட்டதைவிடச் சற்றுக் கூடுதலாக வரலாம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். நன்றி அடிவட்டு.

சொல்லாய்வு:
அனுப்பியதில் ஐநோட்டா, சுட்டுமுனையா?