வளைபாதக் குழந்தை தத்தெடுப்பு: மருத்துவ அறிக்கை குறித்து உதவி தேவை

வணக்கம். காரா (மத்திய தத்தெடுப்பு ஆணையம்) தளத்தில் சிறப்புத் தேவைப் பிரிவில் பார்த்த ஒரு வயதுக் குழந்தையின் மருத்துவ அறிக்கையில் ஒரே வரிதான்: ‘இரு காலிலும் வளைபாதம், பொன்செட்டி சிகிச்சை நடந்தது’. (வளைபாதம் என்றால் பிறவியிலேயே பாதம் உள்பக்கம் திரும்பியிருப்பது; பொன்செட்டி என்பது அடுத்தடுத்து மாவுக்கட்டு போட்டு அதை நேராக்கும் முறை.) இந்த ஒரு வரி போதாது. சம்மதிக்கும் முன் நாமே தேர்ந்தெடுக்கும் மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டலாம் என்பதால், குழந்தை இருக்கும் இல்லத்திடம் சில விவரங்கள் கேட்கிறோம். மாவுக்கட்டு எத்தனை (வாரம் ஒன்றாக 5–7 வழக்கம்), குதிகால் தசைநாணை வெட்டிய தேதி, பிரேஸ் (பாதம் திரும்ப வளையாமல் பிடித்துவைக்கும், கம்பியில் இணைத்த ஷூ) தொடங்கிய நாள், முதுகுத்தண்டைப் பரிசோதித்தார்களா. கடைசிக் கேள்வியை விடவே கூடாது. தண்டுவடக் குறைபாட்டோடு வரும் வளைபாதம் லேசில் மசியாது.

பிரேஸ்தான் பெரிய கவலை. முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு 4–5 வயது வரை தூங்கும்போது. இல்லத்தில் ஆயாக்கள் மாறுவார்கள், கால் வளர்ந்து ஷூ பத்தாமல் போகும், மாட்டாமலே விட்டுவிடுவார்கள். பாதம் திரும்ப வளைவது பெரும்பாலும் இதனால்தான். அப்போது மறுபடியும் மாவுக்கட்டு.

மதுரை, திண்டுக்கல் பக்கம் பொன்செட்டியில் கைதேர்ந்த குழந்தைகள் எலும்பு மருத்துவர் யாராவது தெரியுமா? ஆட்சியரின் தத்து உத்தரவு வருவதற்கு முன்பே, குழந்தை எங்களிடம் இருக்கும் காலத்தில், அரசு மருத்துவமனையின் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் பிரேஸ் கொடுப்பார்களா? என்ன சான்று கேட்டார்கள்? வாங்கியவர்கள் சொல்லுங்களேன்.