கேஸ்க் ஏல்: நல்ல பைண்ட் கிடைக்கணும்னா அதிர்ஷ்டம் வேணுமா?

பெர்மாண்ட்சி பாபு:

ரொம்ப நாளா மனசுல இருக்கு, இன்னைக்கு எழுதிடுறேன். போன வாரம் சென்னைல இருந்து காலேஜ் நண்பன் வந்திருந்தான், இங்கிலீஷ்காரன் தலைமுறை தலைமுறையா குடிக்கிற கேஸ்க் ஏல குடிக்காம ஊருக்கு போகக்கூடாதுன்னு அவனுக்கு ஆசை. ரியல் ஏல்னும் சொல்வாங்க, உயிரோட இருக்குற ஈஸ்ட்டோட பீப்பாக்குள்ளயே பக்குவமாகி, பப் நிலவறைல இருந்து ஹேண்ட்பம்ப்ல இழுத்து ஊத்துற பீர். சரின்னு சென்ட்ரல் லண்டன்ல பாக்க அம்சமா இருந்த ஒரு பழைய பப்புக்கு கூட்டிட்டு போனேன், மரச்சுவரு, பித்தளை விளக்கு, பார்ல எட்டு ஹேண்ட்பம்ப் வரிசையா நிக்குது. பெஸ்ட் பிட்டர்ங்கிற கசப்பு ஏல் ரெண்டு பைண்ட் வாங்கினேன், ஒரு பைண்ட்னா அரை லிட்டருக்கும் கொஞ்சம் மேல. முதல் வாயிலயே புளிப்பு, ஊறுகாய்ல ஊத்துற காடி மாதிரி, வாயில எந்த துடிப்பும் இல்ல. கிளாஸ தூக்கிட்டு போய் பார்ல சொன்னா அந்த பையன் "ரியல் ஏல்னா அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிட்டு அடுத்த ஆள கவனிக்க போயிட்டான். நண்பன் முகத்த பாக்க சங்கடமா போச்சு.

அப்புறம் எங்க ஏரியா ரயில்வே வளைவுகளுக்கு கூட்டிட்டு வந்து அங்க பீர் செய்யுற கெர்னல் புரூவரியோட பேல் ஏல் ஒண்ணு வாங்கி குடுத்தேன். குடிக்கிறதுக்கு முன்னாடியே கிளாஸ மூக்குகிட்ட வச்சு ரெண்டு தடவ மோந்து பாத்தான், எலுமிச்சம்பழத் தோல கிள்ளுன வாசம்டான்னான். அவ்வளவுதான், அன்னைக்கு ராத்திரி பூரா பீர் பேச்சுதான்.

கேஸ்க் ஏல் ஒரு நாள் அமிர்தமா இருக்கும், மூணு நாள் வடிகஞ்சியா இருக்கும். புரூவரி செஞ்சது செஞ்ச மாதிரி என் கைக்கு வரணும்னா கெக்கும் (கேஸ் அழுத்தத்துல ஊத்துற மூடின பீப்பா) கேனும்தான் வழி. மான்செஸ்டர் கிளவுட்வாட்டர் புரூவரி 2017 ஆரம்பத்துலயே கேஸ்க் போடுறத விட்டுட்டாங்க, அந்த விலைக்கு கட்டுப்படி ஆகலன்னு வெளிப்படையாவே எழுதினாங்க. நல்லா செய்யுறவனே விட்டுட்டு போற பாத்திரத்த நாம ஏன் தலைல தூக்கி வச்சு ஆடணும்?

ஷெஃபீல்டு செல்வம்:

பாபு தம்பி, உங்க நண்பனுக்கு நடந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனா நீங்க குடிச்சது கேஸ்க் ஏல் இல்ல, கெட்டுப்போன கேஸ்க் ஏல். ஊசிப்போன சாம்பார சாப்பிட்டுட்டு சாம்பாரே இப்படித்தான்னு சொல்லலாமா? அந்த பையன் சொன்னது பச்சப் பொய், எந்த ரியல் ஏலும் காடி மாதிரி இருக்கக்கூடாது, வேற பைண்ட் மாத்தி குடுக்கணும், இல்லன்னா காச திருப்பிக் குடுக்கணும். அத கேட்டு வாங்குறதுல கூச்சமே வேணாம்.

கிளவுட்வாட்டர் நிறுத்தினத சொன்னீங்க, பிற்பாடு அவங்களே திரும்பவும் கேஸ்க் போட ஆரம்பிச்சத ஏன் சொல்லல?

நான் பதினாலு வருஷமா ஷெஃபீல்டுல இருக்கேன், மதுரைக்காரன். வந்த புதுசுல நானும் ஐஸ் மாதிரி குளிர்ந்த லாகர்தான் குடிச்சேன், வெதுவெதுப்பான பீர்னு இத கிண்டல் பண்ணிட்டு திரிஞ்சவன்தான். ஆனா அது வெதுவெதுப்பு இல்ல தம்பி, 11ல இருந்து 13 டிகிரி, ஊர்ல மண்பானைத் தண்ணி தொண்டைக்கு எப்படி இதமா இருக்கும், அந்த குளிர்ச்சி. கெக்ல இருக்குற கார்பன் டை ஆக்சைடு கேஸ்ல ஏறக்குறைய பாதிதான் இதுல இருக்கு. அதனால நாக்கு மரத்துப் போகாம மால்ட்டோட (முளைகட்டின பார்லி) பிஸ்கட் ருசி முதல்ல, ஹாப்ஸ் (பீருக்கு கசப்பும் வாசமும் குடுக்குற பூ) கசப்பு பின்னாடி, தனித்தனியா தெரியும். திமத்தி டெய்லர் புரூவரியோட லேண்ட்லார்ட்னு ஒரு பீர், 4.3%, யார்க்‌ஷயர் கீத்லில செய்யுறது, அத நல்ல நிலைமைல ஒரு தடவ குடிச்சு பாருங்க. மூணு பைண்ட் உள்ள போனாலும் வயிறு உப்பாது, பேச்சும் தெளிவா இருக்கும்.

உங்க வீட்டுக்கு பக்கத்துலயே பரோ டேபர்ட் தெருவுல ராயல் ஓக் இருக்கு, லூயிஸ்ல இருந்து வர்ற ஹார்வீஸ் புரூவரியோட பப். அங்க சசெக்ஸ் பெஸ்ட் குடிச்சிருக்கீங்களா? கோவன்ட் கார்டன் பக்கம் ஹார்ப் இருக்கு, 2010ல நாட்டுலயே சிறந்த பப்னு காம்ரா, அதான் ரியல் ஏலுக்காக போராடுற குடிக்கிறவங்க அமைப்பு, விருது குடுத்தது அதுக்குதான். சென்ட்ரல் லண்டன்லயே இவ்வளவு இருக்க, மரச்சுவர பாத்து உள்ள போனது தப்பு.

பெர்மாண்ட்சி பாபு:

அண்ணா, நீங்க சொல்றதுலயே என் பாயிண்ட் இருக்கு. நல்ல பைண்டுக்கு நான் பப் பேரு, தெரு பேரு எல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கணும். கேன்ல அந்த தொல்லையே இல்லையே, அடிப்பக்கம் தேதி பாக்குறேன், ஃபிரிட்ஜ்ல இருந்துச்சான்னு பாக்குறேன், ஐபிஏ (ஹாப்ஸ் நிறைய போட்ட இந்தியா பேல் ஏல்) அடைச்சு மூணு மாசம் தாண்டிட்டா வாங்க மாட்டேன், முடிஞ்சு போச்சு.

அப்புறம் காம்ரா பத்தி. 1971ல நாலு பேரு சேர்ந்து ஆரம்பிச்சாங்க, வாட்னீஸ் ரெட் பேரல் மாதிரி பாஸ்டரைஸ் பண்ணி கேஸ் ஏத்தின சப்புனு இருந்த கெக் பீர எதிர்த்து. அந்தக் காலத்துக்கு அது நியாயமான போராட்டம், நான் தலை வணங்குறேன். ஆனா இன்னைக்கு கெக்குங்கிறது அந்த கெக் இல்ல! சின்ன புரூவரிங்க பெரும்பாலும் பாஸ்டரைஸ் பண்றதில்ல, பல பேரு ஃபில்டரும் பண்றதில்ல. கீகெக்னு வந்துச்சு, உள்ள பைல பீர், வெளில கேஸ், ரெண்டும் ஒட்டாது. உள்ள ஈஸ்ட் உயிரோட இருந்தா அதையும் ரியல் ஏல்னு காம்ராவே 2015ல ஒத்துக்கிச்சு. 2018ல அமைப்போட குறிக்கோளயே விரிவாக்கி எல்லா பீர் குடிக்கிறவங்களுக்காகவும் பேசணும்னு ஓட்டு வச்சப்ப 75% வேணும், கொஞ்சத்துல தவறிப்போச்சு. ஓட்டு போட்டவங்கள்ல கிட்டத்தட்ட முக்கால்வாசி பேரு என் பக்கம் வந்தாச்சு அண்ணா.

தார்ன்பிரிட்ஜ் புரூவரியோட ஜெய்ப்பூர் ஐபிஏ உங்க பக்கத்து டெர்பிஷயர்லதான் செய்யுறாங்க, 2005ல இருந்து, 5.9%. அத கேஸ்க்லயும் குடிச்சிருக்கேன் கெக்லயும் குடிச்சிருக்கேன், கெக்லதான் ஹாப்ஸ் வாசம் எழும்பி வருது.

ஈஸ்ட்ஹாம் தயா:

வணக்கம். நான் வாசிச்சிட்டுப் போறனான், எழுதுறது குறைவு, ஆனா இதுக்கு எழுதாமல் இருக்க ஏலாது. ஏழு வருசம் பப் வேலை, அதில நாலு வருசம் நிலவறை முழுக்க என்ர பொறுப்பு. பாபு அண்ணை குடிச்சதுக்கு என்ன நடந்திருக்கும் எண்டு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன்.

ஃபெர்கின் எண்டுற பீப்பா 9 கேலன், 72 பைண்ட். வரேக்க உள்ளுக்க ஈஸ்ட் உயிரோட இருக்கும், வேலை இன்னும் முடியேல்லை. படுக்க வச்சு ஆப்பு செருகி அசையாமல் விடோணும். பிறகு மேல் அடைப்பில மெல்லிய மரமுளை ஒண்டு அடிக்கிறது, சொஃப்ற் ஸ்பைல், காத்து ஊடுருவுற மரம். அடிச்ச கையோட புஸ் எண்டு நுரை பொங்கும். துணியால துடைச்சுவிட்டு, திரும்ப வந்து பாத்து, திரும்பத் துடைச்சு... லேண்ட்லோர்ட் பியர் எல்லாம் லேசில அடங்காது, ரெண்டு நாளுக்கு மேலயும் இழுக்கும், அதைப் பொறுமையில்லாமல் அண்டைக்கே விக்கிற ஆக்கள் இருக்கினம். துடைச்சால் நுரை ஆறுதலா வாற நேரம் காத்துப் போகாத மரமுளை, ஹார்ட் ஸ்பைல், அடிச்சுப் பூட்டுறது, மிச்சக் காத்து உள்ளுக்கேயே நிக்கோணும், அதுதான் பியருக்கு உயிர். பிறகு ஒரு கிளாசில எடுத்து லைற்றுக்கு நேர பிடிச்சுப் பாப்பன். விரல் ரேகை மற்றப் பக்கத்தால தெரிஞ்சால் சரி. இரவு மூடேக்க மறக்காமல் ஹார்ட் ஸ்பைலைத் திரும்பப் போடோணும், ஒருக்கா மறந்தால் விடியப் பியர் செத்துப் போயிடும்.

திறந்த பிறகு எடுக்கிற ஒவ்வொரு பைண்டுக்கும் அளவா வெளிக்காத்து உள்ள போகுது. மூண்டு நாள், அதுக்கு மேல மரியாதை இல்லை. இப்ப கணக்கைப் பாருங்கோ. எட்டு பம்ப், எட்டு ஃபெர்கின், 576 பைண்ட். மூண்டு நாளில விக்கிறதெண்டால் ஒரு நாளைக்கு 192 பைண்ட் ஏல் மட்டும் ஓடோணும். அந்தப் பப்பில அவ்வளவு ஓடுதோ? எனக்கு முந்தி இருந்த மனேச்சர் ஆறு பம்ப் வேணும் எண்டு நிண்டவர், வடிவா இருக்குமாம். நான் மூண்டு போதும் எண்டு கெஞ்சினன். ஞாயிறு முடிய வேண்டியதை வெளியில ஊத்தாமல் புதன் மட்டும் இழுப்பார், சனம் ஒண்டும் சொல்லாமல் குடிச்சிட்டு அடுத்தமுறை வராது. நான் அந்த வேலையை விட்டதே அதாலதான்.

ஆனபடியா செல்வம் அண்ணை, பியர் நல்லது எண்டது சரி. ஆனா பாபு அண்ணை பேரில பிழை சொல்லாதேங்கோ. காசு குடுத்து வாங்குற ஆள் நிலவறைக்குள்ள வந்து பாக்க ஏலுமோ?

ஷெஃபீல்டு செல்வம்:

தயா தம்பி, இத படிச்சதுக்கு அப்புறம் மரச்சுவர பத்தி நான் சொன்னத வாபஸ் வாங்குறேன். ஆனா குடிக்கிறவன் நிலவறைக்குள்ள போகாமயே கண்டுபிடிக்க வழி இருக்குன்னு நான் இன்னும் சொல்வேன். கூட்டத்துக்கு தகுந்த பம்ப் இருக்கான்னு பாக்கணும், காலி ஹால்ல எட்டு பம்ப் நின்னா வெளில வந்துடணும். ஒரு பம்ப்ல லேபிள் பின்பக்கமா திருப்பி வச்சிருந்தா அது நல்ல சகுனம், தீந்துபோனத தீந்துபோச்சுன்னு சொல்ற ஆளுங்க. எது இன்னைக்கு திறந்தது, எது வேகமா போகுதுன்னு கேக்கணும், பதில் தெரியாம முழிச்சா லாகர் வாங்கிக்கலாம். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாய் டேஸ்ட் கேட்டா நல்ல பப்ல முகம் சுளிக்காம குடுப்பாங்க. வாசல்ல கேஸ்க் மார்க் தகடு இருந்தா ஆள் வந்து சூடு, தெளிவு, வாசம், ருசி எல்லாம் சோதிச்சிருக்காங்கன்னு அர்த்தம். காம்ரா போடுற குட் பீர் கைடு புத்தகம் இன்னும் மேல, அந்தந்த ஊர் காம்ரா உறுப்பினருங்க வருஷம் பூரா குடிச்சு 0ல இருந்து 5 வரைக்கும் மார்க் போட்டுத்தான் பப்ப தேர்ந்தெடுக்கிறாங்க.

பெர்மாண்ட்சி பாபு, நல்ல பிரியாணி கடை தேட நாம எத்தன பேர கேக்குறோம்? அதுல பாதி கேட்டா போதும். இன்னொண்ணு, ஐபிஏ உங்களுக்கு இவ்வளவு பிடிக்குதே, அதோட பொறப்பே மரப்பீப்பாதான். நம்ம மெட்ராஸுக்கு கப்பல்ல வந்து இறங்குன பீர் அது, ஆறு மாச கடல் பயணத்த தாங்கணும்னுதான் ஸ்ட்ராங்கா செஞ்சாங்க.

பெர்மாண்ட்சி பாபு:

அங்கதான் தப்பு பண்றீங்க அண்ணா. லேபிள்ல எல்லாம் எழுதுறாங்கன்னு அது வரலாறு ஆயிடாது. பயணத்த தாங்கத்தான் அத புதுசா கண்டுபிடிச்சாங்கங்கிறது கட்டுக்கதை. போர்ட்டர்ங்கிற கறுப்பு பீரும் அதே கப்பல்ல, அதே கடல் வழியா இந்தியாவுக்கு போய் சேர்ந்துச்சு, சிப்பாய்ங்க அதத்தான் குடிச்சாங்க. 18ஆம் நூற்றாண்டு கடைசில கிழக்கு லண்டன் போ பகுதி ஹாட்ஜ்சன் புரூவரி பேல் ஏல் ஜெயிச்சதுக்கு பெரிய காரணம், கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் நிக்குற பிளாக்வால் துறை பக்கத்துலயே அவன் இருந்தான், கப்பல் கேப்டன்களுக்கு தாராளமா கடன் குடுத்தான். 1820கள்ல பர்ட்டன் ஊர் புரூவரிக்காரங்க உள்ள வந்தாங்க, அவங்க ஊர் கிணத்துத் தண்ணில ஜிப்சம் நிறைய, அது ஹாப்ஸ் கசப்ப கத்தி மாதிரி தெளிவா காட்டும், சந்தை அவங்க கைக்கு போச்சு. நம்ம மெட்ராஸ்னு பெருமைப்பட ஒண்ணும் இல்ல, குடிச்சது வெள்ளைக்கார அதிகாரிங்க, நம்ம ஆளு துறைமுகத்துல பீப்பா உருட்டியிருப்பான்.

பிரிஸ்டல் வித்யா:

எல்லாருக்கும் வணக்கம். நீங்க யாரும் தொடாத விஷயம் ஒண்ணு. நான் சைவம், பொறந்ததுல இருந்து. கேஸ்க் ஏல் தெளியுறதுக்கு ஐசிங்கிளாஸ் சேக்குறாங்க, அது மீனோட காத்துப்பைல இருந்து எடுக்குறது. ஒரு வருஷம் இது தெரியாமயே குடிச்சிருக்கேன், தெரிஞ்ச அன்னைக்கு அழுகையே வந்துடுச்சு. பம்ப் லேபிள்ல அத எழுதணும்னு யாருக்கும் தோணல. செல்வம் அண்ணா, இத்தன வழி சொன்னீங்களே, இதுல ஏதாவது எனக்கு உதவுமா?

நான் இப்ப குடிக்கிறது மூர், பிரிஸ்டல் புரூவரிதான், ஐசிங்கிளாஸ் போடாமயே கேஸ்க் செய்யுறாங்க. லேசா கலங்கலாத்தான் இருக்கும், ஆனா அந்த ஈஸ்ட் வாசத்தோட ஹாப்ஸ் சேரும்போது எனக்கு ரொம்ப பிடிக்குது. தயா சொன்ன மாதிரி விரல் ரேகை தெரிஞ்சாதான் சரின்னு பாத்தா என் பைண்ட பார்ல திருப்பி அனுப்பிடுவாங்க. தெளிவா இருந்தாதான் நல்ல பீர்ங்கிற பழக்கத்த முதல்ல விடணும்.

ஈஸ்ட்ஹாம் தயா:

அக்கா, நீங்கள் சொல்லுறது சரி, நான் ஐசிங்கிளாஸ் போட்ட பியருக்குத்தான் அப்பிடிச் சொன்னனான். என்ர பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. போடாத பியரை மணந்தும் குடிச்சும்தான் பாக்கோணும். காடி மணம், ஈரக் காட்போட் மட்டை மணம், உருகின பட்டர் மணம், இந்த மூண்டில ஒண்டும் இல்லாட்டில் கலங்கலும் நல்ல பியர்தான். பார் பெடியளுக்கு இதைச் சொல்லிக் குடுக்க ஆள் இல்லை.

ஹாரோ ரமணி:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். செல்வம் சார் ஊர்ல பம்ப் மூக்குல சின்ன சின்ன ஓட்டை உள்ள ஸ்பார்க்ளர் மாட்டி நுரை கட்ட விடுறாங்களே, அதுல கேஸும் வாசமும் போய் பீர் தட்டையா ஆயிடுது. எங்க பக்கம் அது இல்லாம ஊத்துறதுதான் ருசி.

ஷெஃபீல்டு செல்வம்:

ரமணி சார், அந்த நுரை உதட்டுல பட்டாதான் எங்களுக்கு அது பைண்ட். யார்க்‌ஷயர் பிட்டர் அதுக்காகவே செஞ்சது, இதுல நான் இறங்கி வர மாட்டேன்.

வித்யா, உங்களுக்கு என்கிட்ட நேர் பதில் இல்ல, மனசு கஷ்டமா இருக்கு. பார்ல கேட்டா பாதி பேருக்கு தெரியாது. புரூவரிக்கே எழுதி கேக்குறதுதான் இப்போதைக்கு வழி, இனிமே நான் போற பப்ல எல்லாம் உங்களுக்காகவும் கேட்டு வைக்கிறேன்.

பாபு, கப்பல் விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரி, ஒத்துக்கிறேன். ஆனா கேஸ்க் விஷயம் அப்படியேதான் இருக்கு. ஒரு தடவ இங்க வாங்க. ஸ்டேஷன்லயே ஷெஃபீல்டு டேப் இருக்கு, அங்க ஜெய்ப்பூர் ரெண்டு விதமாவும் இருந்தா பக்கத்துல பக்கத்துல வச்சு குடிப்போம். அப்புறம் கெலம் ஐலண்ட் டேவர்ன், 2008லயும் 2009லயும் அடுத்தடுத்து நாட்டுலயே சிறந்த பப். செலவு என்னோடது.

பெர்மாண்ட்சி பாபு:

வர்ற சனிக்கிழமை டிக்கெட் பாத்துட்டேன் அண்ணா, மதியம் 12 மணிக்குள்ள வந்துடுவேன். ரெண்டு கிளாஸையும் பத்து நிமிஷம் அப்படியே விட்டு குளிர் சமமானதுக்கு அப்புறம்தான் வாயில வைக்கணும், அதுதான் நியாயமான போட்டி. கேஸ்க் ஜெயிச்சா ஜெயிச்சதுன்னு இங்க எழுதுவேன். புளிச்சா அதையும் எழுதுவேன்.

ஈஸ்ட்ஹாம் தயா:

பாபு அண்ணை, முதல் பைண்டை வாங்காதேங்கோ. இரவு முழுக்க பைப்புக்குள்ள நிண்ட பியர் அது, ஒழுங்கான பப்பெண்டால் இழுத்து ஊத்திப்போடுவினம், எண்டாலும் ரெண்டு பேர் வாங்கினாப் பிறகு போங்கோ.